மாற்றமும் மீட்சியும்

பழங்காலத்தில் நூல்கள் பனையோலையில் எழுதப்பெற்றன. ஓர் ஏடு சிதைந்து போகுமுன் அதனைப் பார்த்து வேறோர் ஏட்டில் படியெடுத்து வைப்பது வழக்கம். படியெடுத்தோர் சில இடங்களில் எழுத்தை மாற்றி எழுதினர். சில இடங்களில் வரியையே விட்டுச் சென்றனர். மாற்றியவர் யார், எப்பொழுது மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதற்கு ஏட்டில் குறிப்பு இராது. ஆகவே, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், பல சுவடிகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, உண்மைப் பாடத்தைத் துணிய வேண்டியவரானார். படியெடுத்தோர் தாம் செய்த மாற்றங்களை ஒழுங்காகக் குறித்து வைத்திருப்பின், அவ்வரிய உழைப்பின் பெரும்பகுதி வேண்டாததாய் இருந்திருக்கும்.

இன்று கணினிக்காக எழுதப்படும் நிரல்கள் ஓலைச்சுவடியினும் பன்மடங்கு விரைவாக மாறுவன. நிரல் என்பது, கணினி செய்ய வேண்டிய செயல்களை வரிசைப்படுத்திக் கூறும் கட்டளைத் தொகுதியாகும். புகைவண்டியில் இடம் பதிவு செய்யவும், தேர்வு முடிவை அறியவும், மின்கட்டணம் செலுத்தவும் மக்கள் இணையத்தளங்களை நாடுகின்றனர். அத்தகைய தளத்தின் பின்னே நூற்றுக்கணக்கான நிரற்கோப்புகள் உள்ளன. அவற்றை எழுதுவோர் ஒருவர் அல்லர், பலர். எழுதி முடித்தபின் அவர்கள் ஓய்வதும் இல்லை, நாள்தோறும் திருத்துகின்றனர். ஓரிடத்தில் ஒரு குறி தவறினும் தளம் முழுவதும் இயங்காது நின்றுவிடக்கூடும்.

இந்நிலையில் மூன்று வினாக்கள் எழுகின்றன. யார் எதனை எப்பொழுது மாற்றினார் என்பதை எவ்வாறு அறிவது? எழுதியவரின் கணினியில் இயங்கும் நிரல் பிற கணினிகளிலும் அவ்வாறே இயங்கும் என்பதற்கு உறுதி யாது? எழுதி முடித்ததை மக்கள் பயன்படுத்தும் இடத்திற்குத் தீங்கின்றிக் கொண்டுசெல்வது எங்ஙனம்? முதல் வினாவுக்கு விடை பதிப்புக் கட்டுப்பாடு. இரண்டாவதற்கு உருவாக்கச் சூழலை வரையறுத்தல். மூன்றாவதற்கு நிறுவும் முறை. இம்மூன்றுக்கும் அடிப்படையான கருத்து ஒன்றே. மனிதர் தவறு செய்வர். தவறு நேர்ந்தபின் அதனைக் கண்டறிந்து மீள்வதற்குரிய வழியை முன்னரே அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

பதிப்புக் கட்டுப்பாடு

நிரல் எழுதத் தொடங்குவோர் பெரும்பாலும் ஒரு முறையைத் தாமே கண்டுபிடிக்கின்றனர். கோப்பை மாற்றுமுன் அதற்கு ஒரு படி எடுத்து, ‘பழையது’ என்று பெயரிட்டு வைப்பர். சில நாட்களில் ‘புதியது’, ‘மிகப் புதியது’, ‘இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்று படிகள் பெருகிவிடும். எது எதிலிருந்து வந்தது என்பதை அவற்றை எழுதியவரே அறியார். இருவர் சேர்ந்து பணி செய்யும்பொழுது குழப்பம் இன்னும் மிகும்; ஒருவர் செய்த திருத்தத்தை மற்றவர் அறியாமலே அழித்துவிடுவார்.

இக்குறையை நீக்க முயன்றவர்களுள் ஒருவர் மார்க் ராக்கைண்ட் என்பவர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1972ஆம் ஆண்டில், கோப்பில் ஏற்படும் மாற்றங்களை மட்டும் நிரல்படச் சேமித்து வைக்கும் கருவியொன்றை ஆக்கினார். 1982ஆம் ஆண்டில் வால்ட்டர் டிக்கி என்பவர் மற்றொரு கருவியை அளித்தார். அதில் ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால் அது பூட்டப்பெறும். அவர் திருப்பித் தரும்வரை பிறர் அதனைத் திருத்த இயலாது. நூலகத்தில் ஒரே படியாக உள்ள நூலை ஒருவர் எடுத்துச் செல்வது போன்றது இம்முறை. இதில் குழப்பம் இல்லை. ஆனால், காத்திருத்தல் உண்டு.

காத்திருக்க இயலாத நிலையொன்று ஆம்ஸ்டர்டாம் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஏற்பட்டது. அங்கு டிக் குருனே என்னும் ஆசிரியர் தம் மாணவர் இருவருடன் ஒரு நிரலை எழுதி வந்தார். ஒரு மாணவர் காலை முதல் மாலை வரை ஒழுங்காகப் பணி செய்பவர்; மற்றவர் நேரம் வரையறுத்துக் கொள்ளாதவர்; ஆசிரியருக்கோ மாலை வேளை மட்டுமே வாய்த்தது. மூவரும் கூடிப் பேசிக் கோப்புகளைப் பங்கிட்டுக்கொள்ளல் அரிதாயிற்று. ஆகவே, பூட்டு இல்லாமலே பலரும் ஒருங்கே திருத்தவும், பின்னர் அத்திருத்தங்களை இணைக்கவும் வல்ல கருவியை அவர் அமைத்தார். ‘சி.வி.எஸ்.’ எனப்பட்ட அது 1986ஆம் ஆண்டில் பிறருக்கும் வழங்கப்பட்டு, பல ஆண்டுகள் உலகெங்கும் பயன்பட்டது.

இன்று மிகுதியாக வழங்கும் கருவி ‘கிட்’ என்பதாகும். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் தொடங்கிய லைனக்ஸ் இயங்குதளத்தை உலகின் பல நாட்டு நிரலர்கள் சேர்ந்து எழுதி வந்தனர். அவர்கள் 2002ஆம் ஆண்டு முதல் ஒரு நிறுவனத்தின் கருவியை விலையின்றிப் பயன்படுத்தினர். 2005ஆம் ஆண்டில் அவ்வுரிமை நீங்கியது. தம் விருப்பத்திற்கேற்ற வேறு கருவியைக் காணாத டோர்வால்ட்ஸ், அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். நான்கு நாட்கள் கழித்து, அக்கருவியின் நிரலே அக்கருவியால் பாதுகாக்கப்படும் நிலையை எய்தியது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அதனைப் பேணும் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவர் ஏற்றுக்கொண்டார்.

கிட் இயங்கும் முறை எளிதில் விளங்கக்கூடியதே. நிரலர் ஒரு திருத்தத்தைச் செய்து முடித்ததும் அதனை ஒரு பதிவாக்குகிறார். அப்பதிவில் கோப்புகளின் அன்றைய நிலை, திருத்தியவர் பெயர், நேரம், காரணம் கூறும் குறிப்பு, முந்திய பதிவின் அடையாளம் ஆகியவை அடங்கும். பதிவின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டுப் பெறப்படும் 40 இலக்க அடையாளம் ஒன்று அதற்கு வழங்கப்பெறும். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவைத் தாங்குவதால், பதிவுகள் சங்கிலிபோல் பிணைந்துள்ளன. இடையிலுள்ள ஒரு பதிவை மாற்றினால் அதன் அடையாளமும், அதற்குப் பின்வரும் எல்லாப் பதிவுகளின் அடையாளங்களும் மாறிவிடும். ஆகையால், பழைய வரலாற்றை ஒருவர் மறைவாகத் திருத்துதல் அரிது. மேலும், பணியில் ஈடுபட்ட ஒவ்வொருவரின் கணினியிலும் இவ்வரலாறு முழுவதும் இருக்கும். ஒரு கணினி பழுதுபடினும் மற்றொன்றிலிருந்து அதனை மீட்கலாம்.

புதிய பகுதியொன்றை எழுத விரும்புபவர் முதன்மை வரலாற்றிலிருந்து ஒரு கிளையைப் பிரித்துக்கொள்வார். அக்கிளையில் அவர் எத்தனை முயற்சி செய்யினும் முதன்மை நிரலுக்கு ஊறு நேராது. முயற்சி கைகூடின் கிளையை முதன்மையுடன் இணைப்பார், கைகூடாவிடின் விட்டுவிடுவார். இருவர் ஒரே வரியை வெவ்வேறு வகையாக மாற்றியிருந்தால், கருவி தானே முடிவு செய்யாது. முரண் உள்ளது என்று காட்டி நிற்கும். எது சரியென்று துணிய வேண்டியவர் மனிதரே.

பதிவான திருத்தம் தவறு எனப் பின்னர்த் தெரியவந்தால் என் செய்வது? கணக்கெழுதுவோர் பேரேட்டில் தவறான வரியைச் சுரண்டி அழிப்பதில்லை. அதற்கு எதிர்ப்பதிவு எழுதி நேர்செய்வர். நிரலரும் அவ்வாறே, தவறான பதிவுக்கு எதிரான புதிய பதிவொன்றைச் சேர்க்கிறார். தவறும் தெரியும், திருத்தமும் தெரியும்.

தவறு எங்கே புகுந்தது என்று அறியாதபொழுதும் இவ்வரலாறு துணை செய்யும். சென்ற மாதம் நன்கு இயங்கிய தளம் இன்று பிழைபட இயங்குகிறது. இடையில் 1000 பதிவுகள் நிகழ்ந்துள்ளன என்று கொள்க. அவற்றுள் நடுவிலுள்ள பதிவின் நிலைக்குச் சென்று சோதித்தால், பிழை முற்பாதியிலா பிற்பாதியிலா என்பது விளங்கும். எஞ்சிய பாதியை மீண்டும் பாதியாக்கிச் சோதிக்கலாம். இவ்வாறு செய்யின், ஏறத்தாழ 10 சோதனைகளில் பிழை புகுந்த பதிவைக் கண்டுவிடலாம்.

இப்பயன் கிட்ட வேண்டுமாயின், பதிவுகள் சிறியனவாகவும் குறிப்புகள் தெளிவானவையாகவும் இருத்தல் வேண்டும். ‘சில திருத்தங்கள்’ என்று எழுதிய குறிப்பு ஒருவருக்கும் உதவாது. ‘பிப்ரவரி 29ஆம் நாள் பிறந்தோரின் வயதைக் கணக்கிடுவதில் இருந்த பிழை நீக்கப்பட்டது’ என்னும் குறிப்பு, பல ஆண்டுகள் கழித்துப் படிப்பவருக்கும் பொருள் விளக்கும்.

பதிவில் சேர்க்கக் கூடாதனவும் உண்டு. கடவுச்சொற்களும் மறைகுறிகளும் அவற்றுள் முதன்மையானவை. எதையும் மறவாது காப்பது பதிப்புக் கட்டுப்பாட்டின் சிறப்பு. அச்சிறப்பே இங்குத் தீங்காய் முடியும். ஒருமுறை பதிந்த கடவுச்சொல்லை மறுநாள் நீக்கினும், அது பழைய பதிவுகளில் நிலைத்திருக்கும். அவ்வாறு நேர்ந்துவிட்டால் அக்கடவுச்சொல்லையே மாற்றிவிடுதல் வேண்டும். இத்தகைய செய்திகளை நிரலில் எழுதாமல், தளம் இயங்கும் கணினியின் அமைப்பில் தனியே வைத்தலே முறை.

உருவாக்கச் சூழல்

நிரல் தனித்து இயங்குவதன்று. அது ஒரு மொழியில் எழுதப்பெற்றது. அம்மொழிக்குப் பல பதிப்புகள் உண்டு. பிறர் எழுதிய துணை நிரல்கள் பலவற்றையும் அது பயன்படுத்துகிறது; அவற்றுக்கும் பல பதிப்புகள் உண்டு. தரவுத்தளமும் இயங்குதளமும் இவ்வாறே. இவை அனைத்தும் சேர்ந்ததே சூழல் எனப்படும். ஒருவர் வீட்டு உலையில் பதமாய் வெந்த சோறு, வேறு அரிசியும் வேறு அடுப்பும் உள்ள இடத்தில் குழைந்து போவதுண்டு. அதுபோலவே, ஒரு சூழலில் இயங்கிய நிரல் மற்றொன்றில் பிழைபடும். அப்பொழுது நிரலர் கூறும் விடை, ‘என் கணினியில் இயங்குகிறதே’ என்பது. அவ்விடை உண்மையே, ஆனால், தளத்தைப் பயன்படுத்துவோர்க்கு அதனால் பயன் யாது?

இதற்குத் தீர்வு, சூழலையும் நிரலைப் போலவே எழுதி வைத்தலாகும். எம்மொழியின் எப்பதிப்பு வேண்டும், எந்தத் துணை நிரலின் எப்பதிப்பு வேண்டும் என்பன ஒரு கோப்பில் ஐயத்திற்கு இடமின்றிக் குறிக்கப்பெறும். அக்கோப்பும் பதிப்புக் கட்டுப்பாட்டில் சேர்க்கப்பெறும். புதிதாகப் பணியில் சேர்பவர் அதனை இயக்கினால், மற்றவர்களிடம் உள்ள சூழலே தம் கணினியிலும் அமையக் காண்பார். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த டாக்கர் என்னும் கருவி இம்முறையைப் பரவச் செய்தது. கப்பலில் ஏற்றும் சரக்குப் பெட்டி எத்துறைமுகத்திலும் ஒரே வகையாகக் கையாளப்படுவது போல, நிரலும் அதற்கு வேண்டிய துணைப்பொருள்களும் ஒரே பெட்டகமாகக் கட்டப்பெற்று, எக்கணினியிலும் ஒரே வகையாக இயங்கும் என்பது அதன் நோக்கம்.

ஒரு தளத்திற்குப் பெரும்பாலும் மூன்று சூழல்கள் அமைக்கப்பெறும். முதலாவது, நிரலர் எழுதிப் பார்க்கும் உருவாக்கச் சூழல். இரண்டாவது, ஒத்திகைச் சூழல். நாடகத்தை அரங்கேற்றுமுன் அதே ஒப்பனையுடன் நடித்துப் பார்ப்பது போல, இங்குத் தளம் இறுதியாகச் சோதிக்கப்பெறும். மூன்றாவது, மக்கள் பயன்படுத்தும் பயன்பாட்டுச் சூழல். இம்மூன்றும் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ, அவ்வளவுக்கு வியப்புகள் குறையும்.

நிறுவும் முறை

முற்காலத்தில், திருத்திய கோப்புகளை ஒவ்வொன்றாகத் தளம் இயங்கும் கணினிக்குக் கையால் அனுப்புவது வழக்கமாய் இருந்தது. இணையத்தளங்களை வழங்கும் அக்கணினி ‘வழங்கி’ எனப்படும். பத்துக் கோப்புகளுள் ஐந்து சென்றபின் இணைப்பு அறுந்தால், பாதி புதியதும் பாதி பழையதுமாகத் தளம் நிற்கும்.

இக்காலத்து ஒழுங்கு வேறு. நிரலர் எழுதிய கிளையை உடன்பணியாளர் ஒருவர் படித்துப் பார்க்கிறார். பின்னர், முன்னரே எழுதி வைத்த சோதனைகளைக் கணினி தானே இயக்குகிறது. ஒன்றேனும் தவறினால் பணி அங்கேயே நிற்கும். அடுத்து ஒத்திகைச் சூழலில் தளம் சோதிக்கப்பெறும். இவற்றில் தேறியபின், புதிய பதிப்பு வழங்கியில் தனியொரு கோப்புறையில் முழுவதும் வைக்கப்பெறும். ‘நடப்பு’ என்னும் சுட்டுக்குறி ஒன்று இதுவரை பழைய கோப்புறையைக் காட்டிக்கொண்டிருக்கும். அதனைப் புதியதன்பால் திருப்பியதும் தளம் புதியதாகிவிடும். பிழை காணின், குறியைப் பழைய கோப்புறைக்கே திருப்பிவிடலாம். தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும்பொழுது மட்டும் மீளுதல் இத்துணை எளிதன்று. மாற்றத்திற்குப்பின் மக்கள் எழுதிய புதிய தரவுகள் அதில் சேர்ந்திருக்கும். ஆகவே, அத்தகைய மாற்றங்களைச் சிறு சிறு படிகளாகச் செய்வர்.

இவ்வொழுங்கு இல்லாவிடத்து நேரும் கேட்டினை நைட் காப்பிடல் என்னும் அமெரிக்கப் பங்கு வாணிக நிறுவனத்தின் வரலாறு காட்டுகிறது. அஃது இணையத்தள நிறுவனம் அன்று. எனினும், வழங்கிகளில் நிரலை நிறுவும் முறை இரண்டிற்கும் பொதுவாகும். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாளுக்கென அந்நிறுவனம் புதிய நிரலொன்றை எட்டு வழங்கிகளில் நிறுவ வேண்டியிருந்தது. ஏழில் நிறுவப்பட்டது, எட்டாவதில் விட்டுப்போயிற்று. இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்னும் எழுத்து விதி அங்கு இல்லை. எட்டாம் வழங்கியில், 2003ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தாது விடப்பட்ட பழைய நிரற்பகுதியொன்று நீக்கப்படாமல் இருந்தது. புதிய நிரலை இயக்குதற்கு அமைத்த குறி, முன்பு அப்பழைய பகுதியை இயக்கிய குறியே ஆகும்.

சந்தை திறந்தது. எட்டாம் வழங்கியில் பழைய பகுதி விழித்தெழுந்து, நிறுத்தமின்றி ஆணைகளை அனுப்பலாயிற்று. 212 வாடிக்கையாளர் ஆணைகளை நிறைவேற்றப் புகுந்து, 45 நிமிடங்களில் 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆணைகள் சந்தைக்குச் சென்றன. பிழையின் இடம் அறியாத ஊழியர்கள், சரியாக இயங்கிய ஏழு வழங்கிகளிலிருந்து புதிய நிரலை நீக்கினர். அதனால் அவற்றிலும் பழைய பகுதி உயிர்பெற்றுக் கேடு பெருகிற்று. சந்தை திறக்குமுன்பே பிழையைச் சுட்டும் மின்னஞ்சல்கள் 97 தாமாகவே சென்றிருந்தன. அவற்றை எச்சரிக்கை என்று கொண்டார் இலர். இழப்பு 46 கோடி டாலருக்கும் மிகுதி. மறு ஆண்டில் அந்நிறுவனம் வேறொன்றுடன் இணைந்துவிட்டது. எந்த வழங்கியில் எந்தப் பதிப்பு உள்ளது என்று அறியாதவர் பின்வாங்குவதும் இடர் தருவதே என்பது இதனால் புலனாகும். மீளும் வழியும் முன்னரே நடந்து பழகிய வழியாய் இருத்தல் வேண்டும்.

காப்புப் படி

பதிப்புக் கட்டுப்பாடு நிரலைக் காக்கும். மக்கள் எழுதிச் சேர்த்த தரவுகளைக் காவாது. அவற்றுக்குத் தனியே காப்புப் படிகள் வேண்டும். இதனைக் கிட்லேப் என்னும் நிறுவனம் 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் கண்டறிந்தது. பிறருடைய கிட் களஞ்சியங்களைப் பேணுவதே அந்நிறுவனத்தின் தொழில் என்பது கருதத்தக்கது. அங்குத் தரவுத்தளத்திற்கு முதன்மை வழங்கி ஒன்றும் துணை வழங்கி ஒன்றும் இருந்தன. இரவு வேளையில் நெடுநேரம் பழுது நீக்கிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணை வழங்கியில் நீக்குவதாக எண்ணி, முதன்மை வழங்கியின் தரவுகளை நீக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 கிகாபைட்டுத் தரவில் மிகச் சிறுபகுதியே எஞ்சியது.

நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த காப்புப் படிகளைத் தேடினர். அவை இருக்க வேண்டிய இடம் வெறுமையாய் இருந்தது. தரவுத்தளத்தின் பதிப்பு 9.6, காப்புப் படி எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக இயங்கியது. அப்பொருந்தாமையால் ஒவ்வொரு நாளும் அப்பணி தவறி வந்தது. தவறியதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. அன்று, வேறொரு சோதனைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன் கையால் எடுத்து வைத்த படியொன்று தற்செயலாக இருந்தமையால், அதனைக் கொண்டு தளம் மீட்கப்பட்டது. இடைப்பட்ட நேரத்தில் சேர்ந்தவை மீளவில்லை. களஞ்சியங்களில் இருந்த நிரல்களுக்கு ஊறு நேரவில்லை.

அந்நிறுவனத்தார் நடந்ததை மறைக்கவில்லை. மீட்கும் பணி நடக்கும்பொழுதே அதனை உலகறிய எழுதி வந்தனர். பொறியாளர் ஒருவரைப் பழித்து அமையாமல், ஒரு கையின் தவறு இத்துணைக் கேடு விளைக்குமாறு அமைப்பு இருந்தது ஏன் என்று ஆராய்ந்து வெளியிட்டனர். மீட்டுப் பார்க்காத காப்புப் படி, காப்புப் படி ஆகாது என்பதைப் பிறரும் அதனால் கற்றனர்.

முடிவுரை

இணையத்தளம் அமைப்போர்க்குக் கூரிய அறிவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கூரிய அறிவினரும் அயர்வர், மறப்பர், ஒன்றை மற்றொன்றாகக் கருதுவர். இவ்வியல்பை ஏற்றுக்கொண்டு, செய்த மாற்றத்தைக் குறித்து வைத்தல், சூழலை வரையறுத்து வைத்தல், ஒத்திகை பார்த்து நிறுவுதல், மீளும் வழியைப் பழகிக்கொள்ளுதல் ஆகிய ஒழுங்குகளை அவர்கள் மேற்கொள்கின்றனர். தேர்வு முடிவை எதிர்நோக்கியிருக்கும் மாணவனும், ஊருக்குச் செல்ல இடம் பதிவு செய்யும் முதியவரும் இவ்வொழுங்குகளை அறியார். அவர்கள் நாடிய வேளையில் தளம் தவறாது விடையளிக்குமாயின், அதுவே இவ்வொழுங்குகளின் பயனாகும்.